பச்சையம்மான்னு கூப்பிட்டா யாரு திரும்பிப் பாப்பாங்க

பாப்பா பொறந்து ஒம்போது மாசம் ஆகியும் அவ பர்த் சர்டிபிகேட்ல பேரு போடுற எடம் காலியாவே கெடந்துச்சு. பொறப்பு பதிவு 21 நாளுக்குள்ள ஆயிடுச்சு, அப்பா பேரு, அம்மா பேரு, வேலூர் சத்துவாச்சாரி அட்ரஸ் எல்லாம் ஏறிடுச்சு, குழந்தை பேரு மட்டும் பின்னாடி சேத்துக்கலாம்னு விட்டுட்டோம். 12 மாசத்துக்குள்ள சேத்தா பணம் கட்ட வேணாம், அதுக்கப்புறம்னா தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேக்கலாம்னு சட்டத்துலயே எடம் இருக்கு. ஆனா ஒரு தடவ ஏத்திட்டா லேசுல மாத்த முடியாது. "ஒரு பேரு வெக்க ஒம்போது மாசமா"ன்னு பாக்கறவங்க எல்லாம் கேட்டாங்க. யாருக்கும் ஒரு வரியில பதில் சொல்ல முடியல, அதான் ஒக்காந்து எழுதறேன்.

முதல் பேருல ஒரு பிரச்சனையும் இல்ல. கார்த்திகை நட்சத்திரம், அ, இ, உ, எ இந்த எழுத்துல ஆரம்பிக்கணும்னாங்க, இனியான்னு நானும் அவரும் கல்யாணமான புதுசுலயே பேசி வெச்சிருந்த பேரு அப்படியே பொருந்திடுச்சு. 30ஆம் நாள் தொட்டில்ல போட்டு காதுல மூணு தடவ சொல்லியாச்சு. ரெண்டாவது பேருலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. அமெரிக்காவுல இருக்கற என் கொழுந்தன் ஒரு நாள் வீடியோ கால்ல வந்து, "அண்ணி, இங்க எந்த பார்ம எடுத்தாலும் பர்ஸ்ட் நேம், மிடில் நேம், லாஸ்ட் நேம்னு மூணு கட்டம் இருக்கு, நாளைக்கு பாப்பா படிக்க வந்தா அலைய வேணாம், இப்பவே ஒரு மிடில் நேம் சேத்துடுங்க, பெரியவங்க பேரு எதுனா போட்டுட்டா அவங்களுக்கும் மரியாதை பண்ண மாதிரி ஆச்சு"ன்னாரு.

நம்மூர்ல நடுப்பேருன்னு ஒண்ணு பழக்கத்துலயே இல்ல. முன்னாடி ஒரு இன்சியல், அப்புறம் பேரு, அவ்ளோதான். பாஸ்போர்ட் பார்ம்ல கூட முதல் பேரும் நடுப்பேரும் சேந்து ஒரே கட்டத்துலதான் வரும். பான் கார்டு பார்ம்ல தனியா நடுப்பேருக்கு எடம் விட்டிருக்காங்க, ஆனா இன்சியல் எழுதினா ஒத்துக்க மாட்டாங்க, விரிச்சு எழுதணும், அதனாலதான் நம்மள்ல நிறைய பேருக்கு அப்பா பேரு குடும்பப் பேரா மாறிப் போயிருக்கு. ஆனா பெரியவங்க பேர வெக்கறது நமக்குப் புதுசு இல்ல. பேரன்னா பெயரன், தாத்தா பேர சுமக்கறவன். அந்தப் பேர வெச்சுட்டு அதச் சொல்லி புள்ளையத் திட்டவும் முடியாது, மருமக மாமனார் பேர வாயாலயே சொல்ல மாட்டா, அதனாலதான் வீட்டுல கூப்புட ஒரு பேரு, ரிஜிஸ்டர்ல ஒரு பேருன்னு நம்ம ஜனங்க எப்பவுமே ரெண்டு பேரு வெச்சிருந்தாங்க. அப்படிப் பாத்தா கொழுந்தன் சொன்னதுல தப்பே இல்ல. பெரியவங்க பேருன்னு அவரு சொன்ன ஒடனே எனக்கு மனசுல வந்தது ஒரே ஒரு பேருதான். பச்சையம்மா. எங்க பெரியம்மா.

பீடி முறம்

நான் வளந்தது குடியாத்தத்துல. அம்மா ஷூ கம்பெனி வேலைக்கு விடியறதுக்கு முன்னாடி வேன் ஏறிடுவாங்க, வர்றதுக்கு இருட்டிடும். என்னையும் என் தம்பியையும் வளத்தது பெரியம்மா. அம்மாவோட அக்கா, இருபத்திரெண்டு வயசுல புருஷன் போயி, புள்ளையும் இல்லாம, ஒரு டிரங்கு பெட்டியோட தங்கச்சி வீட்டுக்கு வந்தவங்க, அப்புறம் போகவே இல்ல. பீடி சுத்துவாங்க. ராத்திரியே இலைய நனைச்சு ஈரச் சாக்குல சுருட்டி வெச்சிடுவாங்க, காலையில தகட்ட மேல வெச்சு கத்திரிக்கோலால ஒரே அளவா வெட்டி அடுக்குவாங்க, அப்புறம் முறத்த மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்தா மத்தியானம் வரைக்கும் தலையே நிமிராது. இலைய எடுப்பாங்க, தூள் வெப்பாங்க, உருட்டுவாங்க, வாய மடக்குவாங்க, நூல சுத்தி அறுப்பாங்க. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேந்தா ஆயிரம், ஆயிரத்துக்குத்தான் கூலி. நான் பக்கத்துல ஒக்காந்து வாய்ப்பாடு படிப்பேன். இருபத்தஞ்சாம் வாய்ப்பாடு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், பெரியம்மா முறத்துலயே கத்துக்கிட்டேன்.

நான் ஒண்ணாவது படிக்கறப்போ எங்க தெருவுல எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு அறிவொளி கிளாஸ் நடந்துச்சு. ராத்திரி ஏழு மணிக்கு மேல ஒரு வீட்டுத் திண்ணையில பொம்பளைங்க எல்லாம் ஒக்காந்து எழுதுவாங்க. பெரியம்மா அங்க கத்துக்கிட்டது ஒரே ஒரு சொல்லுதான், அவங்க பேரு. ப வரும், ச் வரும், சை மட்டும் வரவே வராது. அந்தக் கொம்ப எழுத்துக்கு முன்னாடி போடணும், பெரியம்மா பின்னாடி போடுவாங்க. "காதுல கேக்கறது மொதல்ல ச-தானடி, அப்புறந்தான ஐ, நீ ஏன் முன்னாடியே போடற"ன்னு என்னையே கேப்பாங்க. ஆறு வயசுல எனக்கு அதுக்கு பதில் தெரியல, இப்பவும் தெரியல. கடைசி வரைக்கும் அவங்க கையெழுத்துல அந்தக் கொம்பு எடம் மாறித்தான் இருந்துச்சு. பீடிக் கடை பாஸ் புக் ஒண்ணு என்கிட்ட இருக்கு, அட்ரஸ்ல வ.ஆ. அம்பேத்கர் மாவட்டம்னு போட்டிருக்கும். 1989ல வட ஆற்காட்ட ரெண்டாப் பிரிச்சப்போ வந்த பேரு, 1996ல வேலூர் மாவட்டம்னு ஆயிடுச்சு, 2019ல அதையும் மூணாப் பிரிச்சுட்டாங்க. இப்ப அந்தப் பேர எந்த போர்டுலயும் பாக்க முடியல. பெரியம்மா பாஸ் புக்ல மட்டும் இருக்கு, அதுக்குக் கீழ கொம்பு மாறின அவங்க கையெழுத்தும் இருக்கு.

2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, அப்ப பெரியம்மா என்னோடதான் இருந்தாங்க. ஜனமெல்லாம் பாலத்து மேல நின்னு பாத்துச்சு, நானும் ஆட்டோ வெச்சு கூட்டிட்டுப் போனேன். "மணலாத்தான் பாத்தேன் இத்தினி வருஷமா, தண்ணியப் பாத்துட்டேன்"னு சொல்லி கும்புட்டாங்க. அடுத்த மாசம் போயிட்டாங்க. என் தம்பிதான் கொள்ளி வெச்சான். காரியத்தன்னிக்கு பொம்பளைங்க மாரடிச்சு அழுதப்போ ஒரு பாட்டி, "பேர் சொல்ல ஒரு புள்ள இல்லாம போயிட்டியே பச்சையம்மா"ன்னு இழுத்து அழுதாங்க. அந்தப் பாட்டி மேல கோவம் இல்ல, ஒப்பாரியில அப்படித்தான் வரும். ஆனா நான் அங்கதான நிக்கறேன், தம்பி மொட்ட போட்டுக்கிட்டு நிக்கறான், நாங்க ரெண்டு பேரும் யாரு அப்ப? அந்த வரி அன்னிலேர்ந்து எனக்குள்ள ஒக்காந்துடுச்சு.

மரகதம்

எங்க அத்தைய, அதான் மாமியார, தப்பாக் காட்டிடக் கூடாதுன்னு பயந்துகிட்டேதான் இந்தப் பகுதிய எழுதறேன். எனக்குக் கல்யாணமாகி ஒம்போது வருஷம் புள்ள இல்ல. அந்த ஒம்போது வருஷமும் அத்தை ஒரு சொல்லு சொன்னதில்ல. சொந்தத்துல ஒரு வளைகாப்புல நான் வளையல் போட எழுந்தப்போ ஒருத்தங்க என் கையப் புடிச்சு ஒக்கார வெச்சாங்க, அத்தை அங்கயே எழுந்து என்னக் கூட்டிக்கிட்டு சாப்புடாம வெளிய வந்துட்டாங்க. கார்த்திகை கடை ஞாயிறுக்கு விரிஞ்சிபுரத்துக்கு என்னக் கூட்டிட்டுப் போனதும் அவங்கதான். நடுராத்திரி சிம்ம தீர்த்தத்துல முழுகிட்டு ஈரப்பொடவையோட கோயில்ல படுத்திருந்தேன், அந்தக் குளிர்ல சுத்தியும் நூத்துக்கணக்கான பொம்பளைங்க, எல்லாருக்கும் ஒரே வேண்டுதல். பூவோ பழமோ கனவுல வந்தா புள்ள வரும்பாங்க. எனக்குக் கனவு வரல, தூக்கமே வரல. அத்தைதான் விடிய விடிய என் கால தன் மடியில வெச்சு தேச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க.

அந்தக் கோயில் எங்க வீட்டுக்காரர் குடும்பத்துக்கு உசுரு. மாமனார் பேரே மார்க்கபந்து, அந்த சாமி பேருதான், வழித்துணைநாதர். விரிஞ்சிபுரம் சுத்துப்பட்டுல அந்தப் பேரு தெருவுக்கு ஒருத்தருக்கு இருக்கும், வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டு தடவ சொல்லணும். மாமனார் போயி ஏழு வருஷம் ஆச்சு. பொறந்தது பொண்ணு, மார்க்கபந்துன்னு வெக்க முடியாது, அதனால அதே கோயில் அம்மன் பேரு மரகதாம்பிகை, மரகதம்னு வெச்சா சாமிக்கு நேந்துக்கிட்டதும் ஆச்சு, அவரு பேருக்கும் சேந்த மாதிரி ஆச்சுன்னு அத்தைக்கு ஆச. நான் பச்சையம்மான்னு சொன்னதும் வீட்டுல யாரும் எதுவும் பேசல. ரெண்டு வாரம் கழிச்சு கொழுந்தன்தான் ஒரு வழி கண்டுபுடிச்சாரு. "அண்ணி, மரகதம்னா பச்சைக்கல்லுதான? மரகதான்னு வெச்சா பச்சையம்மாவும் அதுலயே வந்துட்டாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே பேரு." எல்லாரும் கைதட்டாத கொற. எங்க வீட்டுக்காரருக்கு நிம்மதி, அத்தைக்கு சந்தோஷம், எங்க அம்மாவே போன்ல "நல்லாத்தான இருக்கு, ஒத்துக்கோடி"ன்னுட்டாங்க. நானும் சரின்னுட்டேன்.

அன்னிக்கு ராத்திரி தூங்கல. யோசிச்சுப் பாத்தா எந்தத் தப்பும் சொல்ல முடியாத ஏற்பாடு அது. எத்தினியோ வீட்டுல இப்படித்தான் பண்றாங்க, முனியம்மா பாட்டி பேருக்கு முதல் எழுத்த மட்டும் எடுத்து மு-ல ஒரு புதுப்பேரு, கன்னியப்பன் தாத்தாவுக்கு க-ல ஒரு பேரு. அர்த்தம் ஒண்ணா இருந்தாப் போதும், எழுத்து ஒண்ணா இருந்தாப் போதும்னு. எனக்கு என்ன தோணுச்சுன்னா, பேருங்கறது அர்த்தம் இல்ல. அது கூப்புடற சத்தம். எங்க தெருவுல தண்ணி லாரி வந்தா "பச்சையம்மா"ன்னு கொரல் குடுப்பாங்க, பெரியம்மா முறத்த எறக்கி வெச்சுட்டு திரும்பிப் பாப்பாங்க, மடியிலேர்ந்து தூள் கொட்டும். மரகதான்னு யாராவது கூப்புட்டா அவங்க திரும்பிப் பாத்திருப்பாங்களா? பாத்திருக்க மாட்டாங்க. வேற யாரையோ கூப்புடறாங்கன்னு அடுத்த பீடிய சுத்தியிருப்பாங்க. அவங்க திரும்பாத ஒரு பேர வெச்சுட்டு அவங்க பேர வெச்சேன்னு நான் எப்படிச் சொல்றது? வெக்கலன்னா கூட பரவால்ல, வெச்ச மாதிரி ஆக்கி மூடறதுதான் எனக்குத் தாங்கல.

காலையில அத்தைகிட்ட சொன்னேன், மரகதம் வேணாம், பச்சையம்மான்னே இருக்கட்டும்னு. அப்பதான் அவங்க மனசுல இருந்தது வெளிய வந்துச்சு. "நான் ஒண்ணு சொல்றேன் கோச்சுக்காத. பழைய பேருன்னு நான் சொல்லல. அந்தம்மா நல்லவங்கதான், யாரு இல்லன்னா. ஆனா சின்ன வயசுலயே தாலி எறங்கி, புள்ள இல்லாம போனவங்க. அந்த ராசி கொழந்தைக்கு எதுக்கு?" சத்தமாக்கூட சொல்லல, பயந்து பயந்து சொன்னாங்க. பேத்தி மேல இருக்கற பாசத்துலதான் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒம்போது வருஷம் நானும் அந்த ராசிக்காரிதான அத்தேன்னு கேக்கணும் போல இருந்துச்சு. இனியா வரலன்னா நாளைக்கு என் பேரையும் இப்படித்தான தள்ளி வெப்பாங்க. கேக்கல. பாப்பாவத் தூக்கிக்கிட்டு மொட்ட மாடிக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் மாசக்கணக்கா அந்தப் பேச்ச யாரும் எடுக்கல, எல்லாரும் இனியான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தோம், சர்டிபிகேட் காலியாவே இருந்துச்சு.

ஆடி அமாவாசை

போன ஆடி அமாவாசைக்கு மாமனாருக்குத் தர்ப்பணம் குடுக்க பாலாத்தங்கரைக்குப் போனோம். கண்டி ராஜாவோட முத்து மண்டபம் இருக்கே, அங்கிருந்து கொஞ்சம் தள்ளி. ஆத்துல ஒரு ஓரமா ஓடையாட்டம் தண்ணி, மத்தபடி மணலும் முள்ளும்தான். வரிசையா ஆம்பளைங்க ஒக்காந்திருந்தாங்க. நானும் அத்தையும் பாப்பாவ வெச்சுக்கிட்டு பின்னாடி நின்னோம். ஐயர் இவருகிட்ட, "மூணு தலமொற பேரு சொல்லுங்க"ன்னாரு. இவரு தடங்கலே இல்லாம சொன்னாரு. அப்பா மார்க்கபந்து, தாத்தா சின்னசாமி, கொள்ளுத்தாத்தா வரதன். நெலத்துப் பத்திரம் எல்லாத்துலயும் இன்னார் மகன் இன்னார்னு எழுதியிருக்கறதால சின்ன வயசுலேர்ந்து மனப்பாடம். அப்புறம் ஐயர், "அம்மா இருக்காங்களா, சரி, பாட்டி பேரு?"ன்னாரு. எல்லம்மா. "கொள்ளுப்பாட்டி?" இவரு நிமிந்து அத்தையப் பாத்தாரு.

அத்தை வாயத் தொறந்தாங்க, பேரு வரல. "ஒடுகத்தூரா"ன்னாங்க. ஐயருக்குப் புரியல. "ஒடுகத்தூர்லேர்ந்து கட்டிக்கினு வந்தாங்க, எல்லாரும் ஒடுகத்தூரா ஒடுகத்தூரான்னுதான் கூப்புடுவாங்க, எங்க மாமியாரும் அப்படித்தான் சொல்லும், பேரு... பேரு எனக்குத் தெரியலயே சாமி"ன்னு சொல்றப்போ அத்தை கொரல் ஒடைஞ்சுது. நாப்பத்திரெண்டு வருஷம் அந்த வீட்டுல விளக்கேத்தினவங்க. மாமியாரோட மாமியார் போட்டோ வீட்டு மாடத்துல இருக்கு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம பொட்டு வெக்கறாங்க, பேரு மட்டும் தெரியல. ஐயர் நல்ல மனுஷன், "பரவால்லம்மா, பேரு தெரியலன்னா என்ன, மனசுல நெனச்சுக்குங்க, போய்ச் சேரும்"னு சொல்லிட்டு மேல மந்திரத்த சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. எள்ளுந்தண்ணியும் தர்ப்பை வழியா எறங்குச்சு. அப்பா பேரு, தாத்தா பேரு, கொள்ளுத்தாத்தா பேரு எல்லாம் கணீர்னு வந்துச்சு. கொள்ளுப்பாட்டி எடத்துல மட்டும் ஒரு சின்ன மௌனம்.

தர்ப்பணத்துல கடைசியா ஒண்ணு வரும், தர்ப்பைய அவுத்து எல்லாத் தண்ணியும் விடறப்போ. நான் அதுக்கு முன்னாடி கவனிச்சதில்ல. அன்னிக்கு ஐயர் தமிழ்லயும் சொன்னாரு. தாய் இல்லாதவங்க, தகப்பன் இல்லாதவங்க, பந்துன்னு சொல்லிக்க யாருமே இல்லாதவங்க, அவங்க எல்லாரும் இந்தத் தண்ணியால திருப்தி ஆகட்டும்னு. நான் இடுப்புல பாப்பாவோட நின்னுக்கிட்டு இருந்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எத்தினி நூறு வருஷமா எத்தினி ஆத்தங்கரையில யாருன்னே தெரியாதவங்களுக்கு இப்படி ஒரு கை தண்ணி விட்டிருக்காங்க. அத்தை என் பக்கம் திரும்பல, ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

ஆட்டோவுல வர்ற வழியெல்லாம் அவங்க ஒண்ணும் பேசல. எல போட்டு, காக்காவுக்கு வெச்சு, சாப்புட்டு முடிச்சு, சாயந்திரம் கீரை ஆய ஒக்காந்தப்போ தானாவே ஆரம்பிச்சாங்க. "எங்க அம்மா பேரு காசியம்மா. என் புள்ளைங்க ரெண்டு பேரக் கேட்டுப் பாரு, யோசிச்சுத்தான் சொல்லுவானுங்க." கொஞ்ச நேரம் ஆஞ்சாங்க. "நான் ஆரணியிலேர்ந்து வந்தவ. உங்க மாமா உசுரோட இருந்த வரைக்கும் ஆரணிக்காரின்னுதான் கூப்புட்டாரு. எம்பேரு சரோஜான்னு இந்தத் தெருவுல எத்தினி பேருக்குத் தெரியும் சொல்லு." எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. "அத்தே, உங்க பேரையே வெக்கட்டுமா"ன்னு கேட்டேன், மனசாரத்தான் கேட்டேன். தண்டக் கிள்ளிக்கிட்டே, "எம்பேருக்கு நான் இன்னும் உசுரோட கீறேன். அந்தம்மாவுக்கு யாரு கீறாங்க? அவங்க பேரையே எழுதிக்கோ. எழுதறதுதான, எழுதிக்கோ. கூப்புடறப்போ நான் மரகதம்னுதான் கூப்புடுவேன், அதுக்கு நீ ஒண்ணும் சொல்லக் கூடாது"ன்னாங்க. ராசியப் பத்தி அவங்களும் பேசல, நானும் கேக்கல.

எனக்கு அதுலேர்ந்து ஒரு எண்ணம் கெட்டிப்பட்டுடுச்சு. ஆம்பளைங்க பேரு எப்படியோ தங்கிடுது, இன்சியல்ல தங்குது, பத்திரத்துல தங்குது. பொம்பளைங்க பேரு ஒரு தலமொற தாண்டினா ஊர்ப் பேரா மாறிடுது, புள்ள இல்லாதவங்கன்னா அந்த ஒரு தலமொறைக்குக் கூட வர்றதில்ல. நடுவுல ஒரு பேரு வெக்க எடம் கெடச்சா, ஏற்கெனவே பேர் சொல்ல ஆள் இருக்கறவங்களுக்கு எதுக்கு அத இன்னொரு தடவ குடுக்கணும்? இதுல என்னோட ஒத்துப்போகாதவங்க இருப்பாங்க, அவங்க தாத்தா பேர வெக்கறது அவங்க பாசம். நான் எங்க வீட்டுக்குச் சொல்றேன்.

அடுத்த வாரமே அவரும் நானும் போயி எழுதிக் குடுத்தோம். தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதணும். பச்சையம்மாவா, பச்சையம்மாளான்னு கேட்டாங்க. ரேஷன் கார்டுல பச்சையம்மாள்னு போட்டிருக்கும், ஆதார்லயும் அப்படித்தான், பீடி பாஸ் புக்ல கடைக்காரர் கையால பச்சியம்மான்னு இருக்கும். பெரியம்மா கையெழுத்துல ள் கெடையாது. அவங்க எழுதினதையே எழுதினேன், கொம்ப மட்டும் எடத்துல போட்டு. இங்கிலீஷ்ல 11 எழுத்து வந்துச்சு, அவரு கட்டம் கட்டமா எண்ணிப் பாத்து எழுதினாரு. இனியா பச்சையம்மா. சர்டிபிகேட் வந்தப்போ அத்தை கண்ணாடியப் போட்டுக்கிட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க, சாமி ரூம்ல ஒடுகத்தூர் பாட்டி போட்டோவுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெச்சுட்டு அப்புறம் எடுத்து பீரோவுல வெச்சாங்க.

இப்ப பாப்பா தத்தித் தத்தி நடக்கறா. அவங்கப்பா இனியான்னா திரும்புறா, அத்தை மரகதம்னா சிரிச்சுக்கிட்டே ஓடறா. மத்தியானம் வீட்டுல யாரும் இல்லாதப்போ நான் பச்சையம்மான்னு கூப்புட்டுப் பாக்கறேன், கொரல கொஞ்சம் ஒசத்தி, தண்ணி லாரி வந்தா கூப்புடற மாதிரி. அவ அது தனக்குன்னு இன்னும் புடிபடாம வெளையாடிக்கிட்டே இருக்கா. நான்தான் ஒரு நொடி வாசலப் பாக்கறேன்.